மதிய உணவுப் பாரமும் இணையக் கட்டணமும்

(பள்ளிகளும் இணையமும் என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், அமெரிக்கா பணக்கார நாடு, அங்கே பள்ளிகளுக்கு இணையம் இலவசம் என்று சொன்னார். 2003 முதல் 2010 வரை அந்நாட்டின் ஒரு பெருநகரில் அரசுப் பள்ளியொன்றில் கணினி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். நண்பர் கோபித்துக் கொள்ளக் கூடாது, அந்த 'இலவசம்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அது இலவசம் அன்று, விலைக் கழிவு. அந்தக் கழிவும் தானாக வீட்டுக் கதவைத் தட்டாது. ஆண்டுதோறும் பாரம் பூர்த்தி செய்து, நாள் பார்த்து அனுப்பி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் கிடைக்கும்.

இத்திட்டத்தின் பெயர் ஈ-ரேட். 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறந்தது. பள்ளிகளுக்கும் பொது நூலகங்களுக்கும் 1998 முதல் கழிவு கொடுக்கத் தொடங்கினார்கள். இதற்கான பணம் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும். அவை அதை மக்களின் தொலைபேசிக் கட்டணச் சீட்டில் தனி வரியாகப் போட்டு வசூலித்து விடும். நம் நாட்டிலும் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 6 விழுக்காடு கட்டும் பொதுச் சேவை நிதி ஒன்று இருப்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

தொடக்கத்தில் ஆண்டுக்கு 225 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இன்று அது 500 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. பலன் இல்லாமல் போகவில்லை. 1994இல் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நூறு வகுப்பறைகளுக்கு மூன்றில்தான் இணையம் இருந்தது. 2005இல் அது 94 ஆகிவிட்டது. அத்தனையும் ஈ-ரேட்டின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழை வட்டாரப் பள்ளிகள் இது இல்லாமல் அந்த வேகத்தில் வந்திருக்க முடியாது.

சரி, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கழிவு? கதையே இங்கேதான் இருக்கிறது. பள்ளி ஏழையா இல்லையா என்பதை அவர்கள் மதிய உணவை வைத்து அளக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு உண்டு. அரசாங்கம் வகுத்த வறுமைக் கோட்டு வருமானத்தில் 185 விழுக்காடு வரை உள்ள குடும்பங்கள் தகுதி பெறும். அப்படித் தகுதி பெற்ற மாணவர்கள் பள்ளியில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்து, 20 முதல் 90 விழுக்காடு வரை கழிவைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படிகளில்தான் ஆபத்து. தகுதி பெற்றோர் 35 முதல் 49 விழுக்காடு வரை இருந்தால் நகர்ப்புறப் பள்ளிக்கு 60 விழுக்காடு கழிவு. நாட்டுப்புறப் பள்ளி என்றால் அதே கணக்குக்கு 70. நகரத்தில் போட்டி அதிகம், விலை குறைவு என்பது அவர்கள் வாதம். 50ஐத் தொட்டு விட்டால் இருவருக்கும் 80. 75ஐத் தொட்டால் 90. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 49இல் நிற்கும் நகரப் பள்ளி தன் கையிலிருந்து 40,000 டாலர் கட்ட வேண்டும். 50இல் நிற்கும் பள்ளிக்கு 20,000. ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் ஒரு விழுக்காடு என்பது பத்துப் பிள்ளைகள். பத்துப் பாரங்கள் திரும்பி வராததற்கு விலை 20,000 டாலர்.

பாரங்கள் ஏன் திரும்பி வருவதில்லை? எங்கள் பள்ளியில் நான் அதைக் கண்ணால் கண்டேன். சிறு பிள்ளைகளின் பெற்றோர் பூர்த்தி செய்து கொடுத்து விடுவார்கள். மேல் வகுப்புப் பையன்கள் பாரத்தை வீட்டிற்கே கொண்டு போக மாட்டார்கள். ஓசிச் சாப்பாட்டு வரிசையில் நண்பர்கள் பார்த்து விடுவார்கள் என்ற வெட்கம். குடியேறி வந்த குடும்பங்களுக்கு வேறு பயம். அந்தப் பாரத்தில் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. எண் இல்லாதவர் இல்லை என்று குறித்தால் போதும், சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் குடிநுழைவு அதிகாரிக்குப் பயந்து வாழும் ஒரு தகப்பனிடம் இதை எப்படி நம்ப வைப்பது?

மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாயார் என்னிடம் நேராகவே கேட்டார்: "என் பிள்ளைக்கு நான் சோறு கட்டிக் கொடுக்கிறேன். எதற்குப் பிச்சை கேட்கச் சொல்கிறீர்கள்?" நம் தோட்டத்துப் பாட்டிமாரும் இதையேதான் கேட்டிருப்பார்கள். நான் சொன்னேன், "அம்மா, உங்கள் பையன் அங்கே சாப்பிட வேண்டியதில்லை. தகுதி இருக்கிறது என்று கணக்கில் வந்தால் போதும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கணினி அறைக்குப் பணம் தருகிறார்கள்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சோற்றுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்பது அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதைப் புரிந்து கொள்ள ஓராண்டு பிடித்தது. மறுவாரம் பாரம் வந்தது. அடியில் அவர் கையெழுத்து. மேலே பையனின் கையெழுத்தில் மற்ற விவரங்கள்.

2014இல் விதிகளைச் சீர்திருத்தினார்கள். பள்ளிவாரிக் கணக்கு போய், வட்டாரப் பள்ளிகள் அனைத்திற்கும் சேர்த்து ஒரே விழுக்காடு என்றாயிற்று. ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் எல்லாருக்கும் உணவு கொடுத்து, உணவு உதவி அட்டை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையை 1.6ஆல் பெருக்கிக் கணக்கிடும் முறையும் வந்தது. அங்கே பாரத் தொல்லை இல்லை. ஆனால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் 2022 முதல் எல்லா மாணவருக்கும் உணவு இலவசம் என்று அறிவித்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. சோறுதான் கிடைத்து விட்டதே, பாரம் எதற்கு என்று பெற்றோர் விட்டு விட்டார்கள். பள்ளிகள் இப்போது மாற்று வருமானப் பாரம் என்று இன்னொன்றைத் தூக்கிக் கொண்டு வீட்டு வாசலுக்கு நடக்கின்றன.

விண்ணப்ப முறைக்கு வருகிறேன். முதலில் 470ஆம் எண் பாரம். எங்களுக்கு இன்ன வேகத்தில் இணையம் வேண்டும் என்று உலகறிய அறிவிப்பது. அறிவித்த பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும். எந்த நிறுவனமும் விலை கொடுக்கலாம். விலைக்குத்தான் அதிக மதிப்பெண் தந்து தேர்வு செய்ய வேண்டும். அதன் பின்னரே ஒப்பந்தம் செய்து 471ஆம் பாரத்தை அனுப்பலாம். ஒப்புதல் கிடைத்து, சேவையும் தொடங்கிய பிறகு 486. இதற்கிடையில் மாணவர் பார்க்கத் தகாதவற்றைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தியிருக்க வேண்டும். அது 2000ஆம் ஆண்டுச் சட்டம். பணம் கேட்கத் தனியாக இன்னொரு பாரம், அதற்கும் கெடு.

2007இல் எங்கள் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வேலையைப் பார்த்தவர் பள்ளிப் பேருந்துகளையும் கட்டடப் பழுதுகளையும் சேர்த்துக் கவனித்த ஓர் அதிகாரி. நல்ல மனிதர், உழைப்பாளி. விலை கொடுத்த நிறுவனத்தின் விற்பனையாளர் அவசரப்படுத்த, 28ஆம் நாள் மாலையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு விட்டார். 29ஆம் நாள் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக முழு ஆண்டின் கழிவும் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தோம். பதில் வருவதற்குள் அந்தக் கல்வியாண்டே முடிந்து விட்டது. இணையத்தை அறுக்க முடியாது, முழுக் கட்டணத்தையும் வட்டாரம் கட்டியது. அடுத்த தவணையில் எங்கள் பள்ளி நூலக உதவியாளரின் வேலை போயிற்று. அந்த அம்மையார் பதினொரு ஆண்டு எங்களோடு இருந்தவர். அவர் வேலை ஏன் போனது என்று அவரிடம் யாரும் சரியாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தலைவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கெடுபிடி இல்லாமல் இருந்த நாட்களில் கொள்ளை போனது. 2004இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை, சான் ஃபிரான்சிஸ்கோ உள்ளிட்ட பள்ளி வட்டாரங்களின் ஏலத்தில் மோசடி செய்ததாக ஒப்புக் கொண்டு 2 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அதே ஆண்டு புவெர்ட்டோ ரிக்கோவைப் பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 10 கோடி டாலர் பெற்ற அந்தத் தீவில், கம்பியில்லா இணைப்பு அட்டைகள் பல்லாயிரக்கணக்கில் கிடங்கில் தூங்கின. ஆகவே விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடனுக்காகப் போட்ட வேலியில் களைத்துப் போன குமாஸ்தா மாட்டிக் கொள்கிறார் என்பதுதான் என் வருத்தம். வசதியுள்ள வட்டாரம் இதற்கென்றே ஓர் ஆலோசகரைச் சம்பளத்துக்கு வைத்துக் கொள்கிறது. 90 விழுக்காடு கழிவுக்குத் தகுதியுள்ள வட்டாரத்தில் பேருந்து அதிகாரிதான் பார்க்கிறார்.

கழிவு எதற்குக் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினிக்குக் கிடையாது. மாணவர் கையில் இருக்கும் பலகைக் கணினிக்குக் கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்குக் கிடையாது. என் காலத்தில் தொலைபேசிக் கட்டணத்துக்கு இருந்தது, 2015 முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடாகக் குறைத்து அதையும் நிறுத்தி விட்டார்கள். கட்டடத்துக்குள் போடும் கம்பிக்கும் கம்பியில்லா இணைப்புக் கருவிகளுக்கும் உண்டு, ஆனால் 85 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. 2021 முதல் 2025 வரையிலான ஐந்தாண்டுக்கு மாணவர் ஒருவருக்கு 167 டாலர் என்று வரம்பும் வைத்திருந்தார்கள். பள்ளிப் பேருந்தில் இணையம், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் இணைப்புக் கருவி ஆகியவற்றை 2023, 2024இல் சேர்த்தார்கள். 2025 செப்டம்பரில் ஆணையமே அவற்றை நீக்கி விட்டது. அதற்கு முன் ஜூன் மாதத்தில், இந்த நிதியே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்ததால் திட்டம் பிழைத்தது.

நம் நாட்டு நடைமுறை வேறு. இங்கே கல்வியமைச்சே ஒப்பந்தம் செய்து பள்ளிகளுக்கு இணைப்புக் கொடுக்கிறது. 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த 1பெஸ்தாரிநெட் அப்படிப்பட்டதுதான். தலைமையாசிரியர் பாரம் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் இணைப்பு மெதுவாக இருந்தால் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. எது மேல் என்று கேட்டால், இரண்டு நாட்டையும் பார்த்த நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியை ஒருவர், அந்தப் பள்ளி பிறகு எப்படிச் சமாளித்தது என்று கேட்கிறார். மறு ஆண்டு எங்கள் பள்ளிச் செயலாளர் அம்மையார் ஒரு பெரிய நாட்காட்டி வாங்கி அலுவலகச் சுவரில் மாட்டினார். 470 அனுப்பிய நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒரு கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். விற்பனையாளர் வந்து கேட்டால் அந்தச் சுவரைக் காட்டுவார். 29ஆம் நாள் காலையில் பேருந்து அதிகாரியே வந்து எட்டரை மணிக்குக் கையெழுத்துப் போட்டு விட்டுப் போனார். உணவுப் பாரங்களை நான் எண்ணினேன். அந்த ஆண்டு 51 விழுக்காடு வந்தது.