ஒரு லயத்தின் ஓட்டு

(வட சிலாங்கூர்த் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தலைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்ல நாம் வரவில்லை. அது அவரவர் மனச்சாட்சிக்கு விட்ட காரியம். அரசியலை ஆராயும் அறிஞர்கள் ஓட்டைப் பற்றிப் போட்டிருக்கும் கணக்கு நம் தோட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே இன்றைய பேச்சு.

நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே 1957-ஆம் ஆண்டில், அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஜனநாயகத்தைப் பொருளாதாரக் கண்கொண்டு பார்த்து ஒரு நூல் எழுதினார். பல்லாயிரம் ஓட்டுகளில் ஒருவனுடைய ஓட்டால் முடிவு மாறுவது அரிதிலும் அரிது. ஆனால் அதைப் போடப் போகும் நேரமும் செலவும் நிச்சயமான நஷ்டம். அப்படியிருக்க, லாப நஷ்டம் பார்க்கிற மனிதன் ஏன் ஓட்டுச் சாவடிக்குப் போகிறான்? இது அவர் எழுப்பிய கேள்வி.

இந்தக் கேள்வியை நம் லயத்து வாசற்படியிலும் கேட்டிருக்கிறோம். "நான் ஒருத்தன் போடாவிட்டால் குடியா முழுகிவிடும்? வெட்டுக்குப் போனாலாவது அரை நாள் கூலி கிடைக்கும்" என்று சொல்கிறவர் டவுன்ஸைப் படித்தவரல்லர். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் அந்த அரை நாள் கூலியை எடுத்துக்கொள்வோம். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஓட்டுப் போடுவதற்குப் போதிய நேரத்தை முதலாளி தரவேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது என்கிறது. செக்ரோல் எழுதும் கிராணிமார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது துரை காட்டும் தயவல்ல, சட்டம்.

அடுத்து, ஒரு ஓட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. தூர தேசத்துக்குப் போகவேண்டாம், நம் வட்டாரத்தையே பார்ப்போம். 2008-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி 198 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. 2010-இல் அங்கு நடந்த இடைத்தேர்தலில் வித்தியாசம் 1,725. கோல சிலாங்கூர் மாவட்டத்து ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் 2007-ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் 1,850. கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2022-இல் 1,002.

ஒரு மனிதர் 198 பேராக முடியாது. டவுன்ஸ் சொன்னது அதுவரை சரி. ஆனால் ஒரு தோட்டத்து லயங்களில் 198 ஓட்டு இருக்குமா, இராதா? பிரட்டுக் களத்தில் தனியாக நின்று கூலி உயர்வு கேட்டவனுக்கு என்ன பதில் கிடைத்தது, சங்கமாகக் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். ஓட்டையும் ஆள் கணக்கில் பார்த்தால் அற்பம். லயத்தின் கணக்கில் பார்த்தால் அதுவே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

அறிஞர்கள் சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை இல்லை. 1957-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் விலகக்கூடாது என்றது. 1962-ஆம் ஆண்டுத் திருத்தம், நகரத் தொகுதியில் பாதியளவு வாக்காளர் இருந்தாலும் கிராமத் தொகுதி அமைக்கலாம் என்றது. 1973-இல் அந்த வரம்பும் போயிற்று. விளைவு என்ன? 2022-இல் சிலாங்கூர் மாநிலத்திலேயே பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். சபாக் பெர்ணத்தில் ஐம்பதாயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர்தான்!

இது நியாயமல்ல என்று கூறும் அறிஞர்களோடு நாமும் உடன்படுகிறோம். ஆனால் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனையோ வீடமைப்போ வந்து, நம் குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் பெயரும்போது, வீட்டோடும் கோயிலோடும் ஓட்டின் எடையும் குறைந்துபோகிறது. பள்ளிக்கூடத்துக்கும் சுடுகாட்டுக்கும் வாதாடிய நாம் இதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஓட்டுக்கு எடை இருந்தால் மட்டும் போதுமா? நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245, சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தன. 2024 மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தல் வந்தபோது அவர்கள் கதை நாடெங்கும் பேசப்பட்டது. தேர்தல் வந்தால்தான் நம் முகம் தெரிகிறது. ஆகவே பெட்டி மூடிய மறுநாளும் கேட்கிறவர்களாக நாம் இருக்கவேண்டும்.

ஓட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் ஓட்டளித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதையொட்டி 1949-இல் வந்த தேர்தல் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தன. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் பேச ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. குடியுரிமைக் குறை முற்றாகத் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தோழர்களே, செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அடையாள அட்டை முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. வீட்டிலுள்ள பிள்ளைகள் பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள். இரண்டு, ஓட்டளிக்கும் நேரத்துக்குக் கூலி பிடித்தால் உடனே கிளையில் புகார் கொடுங்கள். மூன்று, வேட்பாளர் தரும் வாக்குறுதியைத் தேதியோடு கிளைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஏட்டோடு அவர் வாசலுக்குச் செல்வோம்.

மலையகத்து மக்களின் ஓட்டைச் சட்டம் பறித்தது. நம் ஓட்டை நம் அசட்டை பறிக்க விடலாகாது.