ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு



சம்பளத்தையும் கடைக்கணக்கையும் நாம் 'வெள்ளி' என்று சொல்லித்தான் எண்ணுகிறோம். கைக்கு வருவதோ காகிதம். பணம் மெய்யாகவே வெள்ளியாக இருந்த ஓர் ஊரைப் பற்றி இன்று பேசலாம். ஊர், கிரேக்க நாட்டின் ஏதென்ஸ், காலம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு.

அந்த ஊரின் பெரிய காசு நான்கு டிராக்மா மதிப்புள்ளது. எடை 17 கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவியின் முகம். மறுபக்கம் ஓர் ஆந்தை, ஒலிவக் கிளை, சிறு பிறை, ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்துகள். கூரையில் ஆந்தை அலறினால் நம் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஏதென்ஸ் மக்களுக்கோ அது தேவியின் பறவை. காசையே 'ஆந்தை' என்றுதான் அழைத்தார்கள்.

வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கைவேலை அல்லவா, படம் ஒதுங்கிவிடும். பல காசுகளில் தேவியின் கவசத்து உச்சி வெளியே போயிருக்கும்.

படம் அழகுக்கு மட்டும் அன்று. எடை சரி, வெள்ளி சுத்தம் என்று நகரம் கொடுத்த வாக்கு அது. அப்படியும் சந்தேகப்பட்டவர்கள் உளியால் வெட்டி, உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த வெட்டுத் தழும்பைப் பழங்காசுகளில் இன்றும் காணலாம். கி.மு. 375ஐ ஒட்டி எழுந்த ஒரு சட்டம், சந்தையில் காசைச் சோதிக்க ஓர் அரசு அடிமையை அமர்த்தியது. அவன் கடமை தவறினால் 50 சாட்டையடி! அச்சட்டத்தைப் பொறித்த கல் 1970இல் ஏதென்ஸில் கிடைத்தது.

சரி, வெள்ளி எங்கிருந்து வந்தது? ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே இருந்த லாரியம் சுரங்கங்களிலிருந்து. கி.மு. 483 அளவில் அங்கே வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. குடிமக்கள் பங்கு போட்டுக்கொள்ள நினைத்தார்கள். தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவர் தடுத்து, போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படையை முறியடித்தவை அக்கப்பல்களே. வரலாற்று நூல்கள் இதை விரிவாகச் சொல்லும்.

தோண்டியவர்கள் அடிமைகள். நிமிர்ந்து நிற்க முடியாத குறுகிய வளைகளில் விளக்கொளியில் பாறையைக் கொத்தினார்கள். நிக்கியாஸ் என்ற செல்வர் 1,000 அடிமைகளைச் சோசியாஸ் என்பவனிடம் சுரங்க வேலைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். செனபோன் என்ற கிரேக்க எழுத்தாளர் இதைக் குறித்திருக்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல். ஆறு ஒபோல் ஒரு டிராக்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஆள் 24 நாள் சுரங்கத்தில் உழைத்தால் ஓர் ஆந்தைக் காசு. அதுவும் நிக்கியாஸின் பைக்குத்தான். ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 41 காசுக்கு மேல் ஆகிறது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆள் எண்ணிக்கை குறையவே கூடாது. குறைந்தால் அந்த இடத்தைச் சோசியாஸ் நிரப்பித் தர வேண்டும்.