கியாசம்பள்ளியிலிருந்து டில்லிக்கு



கோலார் தங்கவயலுக்கு அண்மையில் கியாசம்பள்ளி என்றொரு கிராமம் உண்டு. கேழ்வரகு விளையும் மேட்டுநிலச் சீமை அது. அவ்வூரில் 1902ஆம் ஆண்டில் பிறந்த செங்கலராய ரெட்டி அவர்கள் 1947 அக்டோபரில் மைசூரின் முதல் முதலமைச்சரானார். 1952இல் டில்லி சென்று மத்திய அமைச்சரவையில் உற்பத்தித் துறையை ஏற்றார். 1957இல் கோலார் தொகுதியே அவரை மக்களவைக்கு அனுப்பிற்று. இத்தனை அருகே பிறந்த ஒருவரைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் நினைவுகூர்வோர் சிலரே. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டதன்றோ! பூமிக்குள் அத்தனை தூரம் இறங்கி ஏறியவர்களுக்குப் பக்கத்துக் கிராமம் வேற்றூராகவே இருந்துவிட்டது போலும்.

மாநில அரசியலில் வேரூன்றிய கிராமத்து மனிதர் ஒருவர், அதனினும் பெரிய பதவியை நாடலாமா என்று எண்ணத் தொடங்கும்போது எவற்றையெல்லாம் சீர்தூக்க வேண்டியிருக்கிறது? இதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இதனைப் பிறருடைய பதவி பற்றிய வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். தங்கவயலில் குடியேறிய தமிழருக்கு இதில் சொந்தக் கணக்கொன்று உண்டு.

1956ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கங்கள் கம்பெனிகளின் கையினின்று மைசூர் அரசின் கைக்கு வந்தன. அக்காலத்தில் ஒரு குறையை எடுத்துரைக்கப் பெங்களூர் வரை சென்றால் போதும். தங்கவயல் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரும் அங்கேதான் இருந்தார். 1962 டிசம்பரில் சுரங்கங்கள் மத்திய அரசைச் சேர்ந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அதுவும் மூடப்பட்டது. சுரங்கம் டில்லிக்குப் போய்விட்டது. நாம் வாக்களித்து அனுப்பிய குரலோ பெங்களூரிலேயே தங்கிவிட்டது. வயிற்றுப்பிழைப்பை முடிவு செய்யும் இடம் ஒன்று, நம்மவர் அமர்ந்திருக்கும் இடம் மற்றொன்று.

அந்தக் குரல் ஏன் டில்லிக்கு ஏறவில்லை? தங்கவயல் சட்டமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சி வென்றிருக்கிறது, அண்ணா தி.மு.க.வும் வென்றிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே அது எளிய செயலன்று. ஆயினும் கோலார் மக்களவைத் தொகுதியில் இவ்விரண்டும் ஒருமுறையும் வென்றதில்லை. இன்றுள்ள அமைப்பில் அத்தொகுதி எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. தங்கவயல் அவற்றுள் ஒன்றே. மாந்தோப்புகள் சூழ்ந்த சீனிவாசபுரம், பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன சிட்லகட்டா, சிந்தாமணி, முல்பாகல், மாலூர், பங்காரப்பேட்டை, கோலார் நகரம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்ப்பளிக்கின்றன. அங்கெல்லாம் கன்னடமும் தெலுங்குமே பேச்சு. இராபர்ட்சன்பேட்டையில் கைதட்டல் பெற்ற தமிழ்ச் சொற்பொழிவு சிட்லகட்டாவின் பட்டு விவசாயிக்கு எவ்வாறு எட்டும்? நம் பெரும்பான்மையே நம் எல்லையாகவும் இருந்தது. இவ்வுண்மையை நாம் வெளிப்படையாகப் பேசியது குறைவு என்பது என் கருத்து.

மொழி என்னும் இத்தடை சிறிய தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசரையே பிரதமராகுமாறு பலர் வற்புறுத்தினர். ஒன்பதாண்டுக் காலம் சென்னை மாநிலத்தை ஆண்டு, 1963இல் தாமாகவே பதவி துறந்தவர் அவர். இந்தியும் இல்லை, ஆங்கிலமும் போதாது, எப்படி நடத்துவது என்ற பொருள்பட மறுத்துவிட்டார் என்பர். நாட்டின் பெரும்பகுதியோடு இடைநிற்போர் துணையின்றிப் பேச இயலாத நிலையில் அவ்விருக்கையில் அமரலாகாது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

சரியாக முப்பதாண்டு கழித்து இதே வினா கர்நாடகத்தில் எழுந்தது. ஹாசன் மாவட்டத்து ஹரதனஹள்ளி உழவர் குடும்பத்தில் பிறந்த தேவகவுடா அவர்கள் 1962இல் சுயேச்சையாகச் சட்டமன்றம் புகுந்தவர். 1994 டிசம்பரில் முதலமைச்சரானார். ஒன்றரை ஆண்டு நிறைவதற்குள், 1996இல், ஐக்கிய முன்னணி அவரைப் பிரதமர் பதவிக்கு அழைத்தது. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் அல்லர். அவருக்கும் இந்தி வராது. ஆயினும் ஏற்றார். சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில், கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு இந்தியில் உரை நிகழ்த்தினார். அதைக் கேட்டு நகைத்தவர்களும் உண்டு. எனக்கோ அது துணிவாகவே தோன்றுகிறது. காங்கிரஸ் ஆதரவை விலக்கவே 1997 ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது. மொழியினால் அன்று, சொந்தக் கட்சியின் பலம் சிறிது, தாங்கியவர்களோ பிறர். மாநிலத்தில் தமக்கிருந்த தரையைவிட்டு, பிறர் தோளின்மீது ஏறி நின்ற ஆட்சி அது.

மறுத்தவர் அறிவாளி, ஏற்றவர் பேராசைக்காரர் என்றோ, மறுத்தவர் கோழை, ஏற்றவர் வீரர் என்றோ நான் கூற வரவில்லை. இருவரும் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: என்னை முகமறியாதவர் முன் நான் யாராக நிற்பேன்?

கோலாரிலேயே இதற்கு வேறொரு விடை கிடைத்தது. கே. எச். முனியப்பா அவர்கள் 1991 முதல் 2014 வரை ஏழு முறை இத்தொகுதியில் வென்றார். மத்திய அரசில் இரயில்வே இணையமைச்சராகவும் இருந்தார். 2019இல் தோற்றபின் மாநிலத்துக்கே திரும்பி, 2023இல் தேவனஹள்ளியில் வென்று கர்நாடக அமைச்சரானார். டில்லிப் பாதை ஒருவழிப் பாதை என்று எண்ணுவோர் இதனையும் கவனிக்க வேண்டும்.

நாளை தங்கவயல் இளைஞர் ஒருவர், மாநிலப் பதவியில் தேர்ச்சி பெற்றபின் மக்களவைக்கு நிற்க எண்ணினால், அவர் முதலில் போக வேண்டிய இடம் டில்லியன்று, சீனிவாசபுரத்து மாங்காய் மண்டிதான். அங்கே தெலுங்கில் விலை கேட்கவும், கோலாரில் கன்னடத்தில் வாதிடவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாரிக்குப்பத்தில் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அம்மொழிகளைப் பிழைப்பின் பொருட்டு ஏற்கெனவே கற்று வருகிறார்கள்.