இழுவை வீட்டின் வெளிச்சுவர்



அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் விடுமுறைக் காலத்தில் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் வண்டியொன்று தன் பின்னே ஒரு சிறு வீட்டை இழுத்துச் செல்லும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் உண்டு. அந்நாட்டார் அதனை டிராவல் டிரெய்லர் என்பர். நாம் இழுவை வீடு எனலாம். அதன் வெளிச்சுவரை எப்பொருளால் அமைப்பது நன்று என்பதே நாம் இன்று ஆராயப்போகும் வினா.

நிலத்தில் நிற்கும் வீட்டின் சுவர் கனமாயிருந்தால் அடித்தளம் தாங்கிக்கொள்ளும். இழுவை வீட்டின் நிலை வேறு. அதன் கனம் முழுவதையும் முன்னே செல்லும் வண்டி இழுத்தாக வேண்டும். ஓடும்பொழுதெல்லாம் சுவர் குலுங்குகிறது; மழையும் வெயிலும் அதன்மேல் நேரே விழுகின்றன. ஆகவே அச்சுவர் இலேசாகவும், உறுதியாகவும், நீர் புகாததாகவும் இருத்தல் வேண்டும்.

1930-களில் இவ்வண்டிகள் பலவற்றுக்கு மரச் சட்டமும், மரநாரை அழுத்திச் செய்த பலகையும் பயன்பட்டன. மரம் விலை குறைந்தது; வீட்டிலுள்ளவரே அறுத்துப் பொருத்தக்கூடியது. ஆனால் ஈரம் உட்புகுந்தால் பலகை உப்பும், சட்டம் இற்றுப்போகும்.

அடுத்து வந்தது அலுமினியம். அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் விமானத்தைக் கட்டும் பணியில் ஈடுபட்டிருந்த ஹாலி போலஸ் என்பவர், 1934-இல் விமான உடலைப் போன்ற அலுமினிய இழுவை வீட்டை உருவாக்கினார். 1936-இல் வாலி பையாமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வெளிவந்தது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் நிறை ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியத்தின் நிறை 2.7 கிராமே. அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதுமில்லை. எனினும் அது வெப்பத்தை விரைந்து கடத்தும். 6 மீட்டர் நீளமுள்ள தகடு 40 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பகலில் நீண்டு இரவில் சுருங்கும் இவ்வியக்கத்தால் இணைப்புகள் நாளடைவில் தளரும். அன்றியும், எஃகுச் சட்டத்தைத் தொடுமிடத்தில் ஈரம் தங்கினால் அரிக்கப்படுவது அலுமினியமே.

மூன்றாவது, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து உருவாக்கும் பொருள். இதில் இரு வகை உண்டு. அவற்றை வேறுபடுத்தி அறியாதார் ஏமாறுவர். 1968-இல் கனடாவின் வினிபெக் நகரில் தோன்றிய போலர் என்னும் சிறு வண்டியின் உடல், மேற்பாதி கீழ்ப்பாதி என இரண்டே வார்ப்புகளால் ஆனது. நடுவே ஓடும் இணைப்பு ஒன்றுதான். மற்றொரு வகையில், மெல்லிய கண்ணாடியிழைத் தகட்டை ஒட்டுப்பலகையின்மேல் பசையிட்டு ஒட்டுகின்றனர். பார்வைக்கு வழவழப்பாகவே இருக்கும். ஆனால் சன்னலோரத்திலோ கூரை விளிம்பிலோ நீர் கசிந்தால் பசை விட்டுப்போகும். தகடு கொப்புளம்போல் எழும். அதனைச் செம்மைப்படுத்துவது எளிதன்று, செலவும் மிகுதி. அலுமினியத் தகடு நெளிந்தாலோ, அந்தத் தகட்டை மட்டும் மாற்றிவிடலாம்.

அங்ஙனமாயின் எது சிறந்தது? வார்ப்புடலில் இணைப்பு குறைவு. ஆனால் அச்சின் அளவுக்கு மேல் வீட்டைப் பெரிதாக்க இயலாது. வளைந்த அலுமினிய உடல் நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை மிகுதி. மரச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்திய வண்டி சிக்கனமானது. ஆனால் இணைப்புகள் பல. ஆண்டில் ஒரு வாரம் மட்டும் பயணம் செய்து, எஞ்சிய நாளெல்லாம் கூரையின்கீழ் நிறுத்துவோருக்கு அதுவே போதும். ஆண்டு முழுவதும் மழையிலும் பனியிலும் அதிலேயே வாழ்வோருக்கு அது போதாது.

ஒன்றை மறவாதீர்கள். தகடு நீரை உள்ளே விடுவது அரிது; நீர் புகும் வாயில் பெரும்பாலும் இணைப்பே. வார்ப்புடலிலும் சன்னலுக்குத் துளையிட்டே ஆகவேண்டும். ஆண்டுதோறும் விளிம்புகளைத் தடவிப் பார்த்து, வெடித்த அடைப்புப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இடுபவரின் மர வண்டி, கவனிப்பாரற்ற அலுமினிய வண்டியைவிட நெடுநாள் நிற்கக்கூடும்.

உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம். பலர் பொருள்களை விலைகொடுத்து வாங்குவோராகலாம். "இதுவே சிறந்த பொருள்" என்று ஒருவர் உரைத்தால், எப்பயனுக்குச் சிறந்தது, எவ்விடத்தில் அது இணைக்கப்பட்டுள்ளது, பழுதுற்றால் யார் திருத்துவர் என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை கிடைத்தபின் விலையைப் பேசலாம்.