மத்தியானத்தோடு மூடாத ஆஸ்பத்திரி



வேலந்தாவளத்தில் காலையில் கூலி வேலைக்குப் போகிறவர் மாலையில்தான் வீடு திரும்புவார். முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மத்தியானம் வரைதான் சீட்டு. மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு. கூலி வேண்டும் என்றால் மருந்து போச்சு. பிரஷர் மாத்திரை பாதியில் நிற்பது இப்படித்தான். பிரஷர் வலிக்காது. அதனால் மாத்திரை நின்றதும் தெரியாது. கை, கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் தெரியும்.

கேரள அரசு 2017-ல் 'ஆர்த்ரம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களாக மாறத் தொடங்கின. பெயர்ப்பலகை மட்டும் மாறினால் என்ன பிரயோஜனம்? இதில் நேரமும் மாறியது. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரத்தம், சிறுநீர் சோதிக்க லேப் உண்டு. மனச்சோர்வுக்குக்கூட 'ஆசுவாசம்' என்று தனி கிளினிக் வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு வழி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அதுதான் பெரிய உதவி.

மாலை வரை திறந்திருக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். கேரளத்தில் 1990-களிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துப் பொறுப்பில் வந்துவிட்டன. கூடுதல் டாக்டரைப் பஞ்சாயத்து தன் பணத்தில் வைக்கலாம். ஆகவே மாலையில் டாக்டர் இல்லை என்றால் நர்ஸம்மாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பாவம், அவர் என்ன செய்வார்? கிராம சபையில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். கேட்டதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.