தாய் கண்ட குறி



பேசத் தெரியாத பிள்ளைக்காகப் பேசுபவள் தாய். குழந்தைநோயை ஆராய்பவர் முதலிற் கேட்கவேண்டியது அவள் சொல்லையே என்பது நம் கருத்து. நடந்த கதையொன்றைக் கூறுவோம்.

நோர்வே நாட்டிலே எகெலண்ட் குடும்பத்தில் 1927 இல் லிவ் என்னும் பெண்ணும், 1930 இல் டாக் என்னும் ஆணும் பிறந்தனர். பிறந்தபொழுது குறையெதுவும் தெரியவில்லை. நாட்செல்லச் செல்ல அறிவு வளரவில்லை. லிவ் சில சொற்களே பேசினாள். டாக் பேசவுமில்லை, நடக்கவுமில்லை. தாயார் பொர்க்னி பல வைத்தியர்களிடம் ஏறி இறங்கினார். பிள்ளைகளிடத்தே விசித்திரமான வாடையொன்று வீசுகின்றதென்றும் சொன்னார். விளக்கம் தருவாரில்லை. ஐரோப்பாவிலுந்தான் தாய் சொல் அம்பலமேறவில்லை!

1934 இல் பொலிங் என்னும் வைத்தியர் அவர்களைப் பார்த்தார். வைத்தியம் பயிலுமுன் இரசாயனம் பயின்றவர் அவர். சிறுநீரிலே பெரிக்குக் குளோரைட்டைச் சேர்த்தார். கீற்றோன் இருந்தால் செங்கபில நிறம் தோன்றவேண்டும், தோன்றியதோ பச்சை! உட்கொள்ளும் மருந்துதான் காரணமோவென ஐயுற்று, மருந்துகளை ஒரு வாரம் நிறுத்துவித்தார். மறுபடியும் பச்சையே. தாயார் லீற்றர் லீற்றராகக் கொண்டுவந்த சிறுநீரிலிருந்து பினைல்பைரூவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்பு, அறிவுவளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்து, மேலும் எண்மரிடம் அதனைக் கண்டார்.

புரத உணவிலுள்ள பினைலலனினை மாற்றும் நொதியம் பழுதானால், அது இரத்தத்திலே தேங்கி மூளையைக் கெடுக்கின்றது. வாடையும் அதன் விளைவே. நோயற்ற பெற்றோர் இருவரும் அறியாமலே கடத்தும் பரம்பரைக் குறை இது. இத்தகைய பிள்ளையைப் பெற்றவளைப் பழிப்போர் இதனைச் சற்றுக் கேட்கட்டும்.

நோயை அறிந்தும் மருந்தறியாத காலம் அது. டாக் சிறு வயதிலேயே இறந்தான். 1950களின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், மற்றொரு தாய் தன் இரண்டு வயது மகளுக்கு வழி கேட்டு நாள்தோறும் வைத்தியர் பிக்கல் அவர்களை நெருக்கினாள். அவரும் துணைவர்களும் பினைலலனின் குறைந்த உணவை ஆக்கிக் கொடுத்தனர். பிள்ளை தவழவும் நிற்கவும் தொடங்கிற்று. ஆயினும் கெட்ட மூளை முழுவதும் மீளவில்லை. ஆகவே, குறி வெளிப்படுமுன்பே நோயைக் காணவேண்டியிருந்தது.

அதற்கு வழி கண்டவர் அமெரிக்கரான றொபேட் கத்றி. அவர் 1963 இல் வெளியிட்ட முறைப்படி, சிசுவின் குதிகாலிற் குத்தி, வடிதாளிலே சில துளி இரத்தம் ஏந்தினாற் போதும். பிறந்த முதல் வாரங்களிலேயே உணவை மாற்றிவிட்டால், அப்பிள்ளை ஏனைய பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போகும்.