நின்றுபோன படிப்பைத் தொடருவோம்

(சிற்றூர் நூலகமொன்றில் கூடிய முதியோர் படிப்புக் குழுவினரிடையே நிகழ்த்திய உரை)



எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர்கள் நம் சிற்றூர்களில் பலர். தம்பி தங்கையரைப் பேணவும், வயல் வேலைக்குச் செல்லவும் நின்றார்களேயன்றி, அறிவு குறைந்து நின்றார்கள் அல்லர். இன்று ஒரு விண்ணப்பத்தை நிரப்பும்போது, 'பத்தாம் வகுப்பு' என்னும் இடத்தில் அவர்கள் கை தயங்குகிறது. அத்தயக்கத்தைப் போக்கும் வழியைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

வயது கடந்தபின் கல்வி ஏறுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுதப் படிக்க முன்பே அறிந்த நமக்குத் தயக்கம் எதற்கு?

தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத அரசுத் தேர்வுகள் இயக்ககம் வாய்ப்பளிக்கிறது. எட்டாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு அதற்கெனத் தனித்தேர்வு உண்டு. பத்தாம் வகுப்பில் பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 100க்கு 35 மதிப்பெண் பெற வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் அதனை மட்டும் மீண்டும் எழுதலாம். ஆகவே, ஒரு தோல்வியால் உழைப்பு முழுவதும் வீணாகிவிடாது.

ஆயினும், ஒன்றில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண்கள். செய்முறைப் பயிற்சிக்கு, தேர்வுக்குப் பல திங்கள் முன்னரே பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பயிற்சி வகுப்புகளில் 80 விழுக்காடு வருகையும் வேண்டும். இதனை நாங்கள் பட்டறிந்தே கூறுகிறோம். எங்கள் குழுவில் ஓர் அம்மையார் இரவுதோறும் அடுக்களை வேலை முடித்துப் படித்தார். பாடநூல்களைத் தேடித் தந்த நாங்கள், பதிவுக்குரிய நாளைக் கவனியாது விட்டோம். அவருக்கு ஓராண்டு வீணாயிற்று. அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாயிற்று. மறு ஆண்டு அறிவிப்பு வந்த அன்றே அவருடன் சென்று முதற்பெயராகப் பதிந்தோம். நீங்களும் புத்தகம் வாங்குமுன் அந்த நாளை விசாரித்தறியுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்திலும், அரசுத் தேர்வுகள் சேவை மையத்திலும் விவரம் கிடைக்கும்.

கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டா. அண்மை ஆண்டுகளின் வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்திற்கு 8 என 16 மதிப்பெண்கள் உள்ளன. தேர்ச்சிக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி இது. அளவுகோல் பிடித்துப் பழகிய கொத்தனாருக்கும், துணி வெட்டிப் பழகிய தையற்காரருக்கும் இவை எட்டாக்கனி அல்ல. நாள்தோறும் ஒரு மணி நேரம், பழைய வினாத்தாள்களை எழுதிப் பாருங்கள். கண்ணால் படித்தது மறக்கும். கையால் எழுதியது நிற்கும்.

வீட்டார்க்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரம் தாயையோ தந்தையையோ வேறு வேலைக்கு அழையாதீர்கள். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே விளக்கொளியில் அமர்ந்து படிக்கும் வீடுகள் ஊர்தோறும் பெருகட்டும்.